மானிட்டர் இல்லாத ராஸ்பெர்ரி பை தன் ஐபியைத் தானே சொல்ல ஒரு ஸ்கிரிப்ட்

எங்கள் மொட்டைமாடி கேமரா ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடுகிறது. மானிட்டர், கீபோர்டு கிடையாது, எதற்கும் எஸ்எஸ்ஹெச்தான், அதாவது வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைவது. அதற்குப் பையின் ஐபி முகவரி தெரிய வேண்டும். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் சில நேரம் அதற்கு வேறு ஐபி கொடுத்துவிடும். ரவுட்டரிலேயே ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடலாமே என்பீர்கள். இணைய இணைப்பு கொடுத்தவர்கள் அதன் அட்மின் பாஸ்வேர்டைத் தர மாட்டார்களாம். சரி, பையே சொல்லட்டும்.

பைத்தானில் எல்லோரும் முதலில் காட்டும் வழி, கெட்ஹோஸ்ட்நேமில் கணினியின் பெயரை வாங்கி கெட்ஹோஸ்ட்பைநேமிடம் கொடுப்பது. டெபியன், உபுண்டு வகையறாக்களில் இதற்குப் பெரும்பாலும் 127.0.1.1 என்றுதான் பதில் வரும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் கணினியின் பெயருக்கு நேரே இருப்பது அந்த எண்தான்; கணினி தன்னைத்தானே குறிக்கும் முகவரி அது. அதை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது.

நான் செய்வது வேறு. சாக்கெட் மாட்யூலை இம்போர்ட் செய்து, ஒரு யூடிபி சாக்கெட் (முன்கூட்டியே இணைப்பு ஏற்படுத்தாமல் தகவல் அனுப்பும் வகை) திறக்கவும். அதன் கனெக்ட்டுக்கு கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8, போர்ட் 80 இரண்டையும் ஒரே டப்பிளாக, அதாவது அடைப்புக்குறிக்குள் ஜோடியாகக் கொடுக்கவும். அப்புறம் கெட்சாக்நேமைக் கூப்பிட்டால் வருவதில் முதல் உறுப்புதான் ஐபி. சாக்கெட்டை மூடிவிடவும்.

கூகுள் சர்வருக்கு எதுவும் போய்விடாது. யூடிபியில் கனெக்ட் செய்வதால் ஒரு பாக்கெட்கூடக் கிளம்புவதில்லை. ‘அங்கே போவதானால் எந்த வாசல் வழியாகப் போவாய்?’ என்று ஓஎஸ்ஸின் மையமான கெர்னலைக் கேட்கிறோம், அவ்வளவுதான். அது எந்த முகவரிக்கு எந்த வழி என்று குறித்து வைத்திருக்கும் ரவுட்டிங் டேபிளைப் பார்த்து அந்த வாசலின் முகவரியைச் சாக்கெட்டுக்குக் கொடுக்கிறது. அதனால் இணையம் செத்துக் கிடந்தாலும், வைஃபை ரவுட்டரோடு சேர்ந்திருந்தால் பதில் வரும். டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) போட்டிருந்தால் அதன் 172.17.0.1 குறுக்கே வந்து குழப்பாது.

பூட் ஆன கையோடு ஓட்டினால் ரவுட்டிங் டேபிளில் வழி இன்னும் வந்திருக்காது, ஓஎஸ்எரர் விழும். ட்ரை, எக்செப்டுக்குள் வைத்து ஐந்து விநாடி ஸ்லீப் கொடுத்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

வந்த எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். விபிஎன் ஓடினால் அதன் முகவரி வரலாம், அப்போது 8.8.8.8-க்குப் பதில் உங்கள் ரவுட்டரின் ஐபியைப் போடுங்கள்.

வேலைகளைத் தானாக ஓட்டும் பட்டியலான கிரான்டாபில், பூட் ஆகும்போது ஓட்டச் சொல்லும் @ரீபூட் வரியில் இதைச் சேர்த்திருக்கிறேன். எண் டெலிகிராம் பாட் வழியாக என் ஃபோனுக்கு வந்துவிடும்.