கொல்லையில் குஞ்சு தத்துகிறதா? உடனே தூக்காதீர்கள்

சித்திரை, வைகாசி வந்தால் மஞ்சக்குப்பமோ முத்தியால்பேட்டையோ, முருங்கையும் வேம்பும் நிற்கும் கொல்லையில் ஏதாவது ஒரு குஞ்சு தத்திக்கொண்டிருக்கும். ‘ஐயோ, கூட்டிலிருந்து விழுந்துடுச்சே’ என்று அட்டைப்பெட்டி தேடுவதுதான் முதல் தவறு. பெரும்பாலும் அது விழுந்ததல்ல, தானாக இறங்கியது.

உடம்பு முழுக்க இறகு, குட்டை வால், காலூன்றித் தத்துகிறது என்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தவிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் சரியாகப் பறக்க வருமுன்பே கூட்டை விட்டுவிடும். சில நாள் புதரடியில்தான் வாசம். பெற்றவை அங்கேயே வந்து ஊட்டும். தவிட்டுக்குருவிக் குஞ்சுக்குக் கூட்டமே ஊட்டும். கிட்டே போய்ப் பாருங்கள், கத்தி ஊரையே கூட்டிவிடும். காகம் உங்கள் தலையைத் தட்டினாலும் காரணம் அதுதான். அது காக்கும் குஞ்சு சில சமயம் குயிலுடையதாக இருக்கும் என்பது வேறு கதை.

இறகே முளைக்காத குஞ்சை மட்டும் கூட்டில் திருப்பி வையுங்கள். கூடு எட்டவில்லையா, ஓட்டையுள்ள சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு அதே மரத்தில் கட்டுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா.

அடுத்தது, வாயைத் திறந்து தண்ணீர் விடுவது. பாசத்தில் செய்வதுதான், ஆனால் குஞ்சைக் கொல்வது பல நேரம் இதுதான். அது வாய் பிளக்கும்போது உற்றுப் பாருங்கள்: நாக்கின் அடிப்பகுதியில் ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடும். மூச்சுக்குழாயின் வாசல் அது. ஃபில்லரில் விடும் நாலு சொட்டு நேரே அதற்குள் இறங்கிவிடும். பாலும் வேண்டாம், பாலில் நனைத்த பிரெட்டும் வேண்டாம். பறவைக்குப் பால் செரிக்காது. தாய் கொண்டுவருவது புழுவும் பூச்சியும்.

பக்கத்திலேயே நின்று காவல் காப்பதும் உதவாது, ஆள் நின்றால் தாய் இறங்காது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்து ஓரிரு மணி நேரம் பாருங்கள். குஞ்சு வெயிலில் கிடந்தால் அதே மரத்தின் நிழலுக்கோ தாழ்ந்த கிளைக்கோ மாற்றினால் போதும்.

உங்கள் வேலை உண்மையில் பூனையிடம்தான். சில நாள் அதை வீட்டுக்குள் அடையுங்கள், நாயைக் கட்டுங்கள், தண்ணீர் டிரம்மை மூடுங்கள். பூனை கவ்விய குஞ்சு என்றால் காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்; அதன் எச்சிலில் உள்ள கிருமியே குஞ்சைக் கொன்றுவிடும்.

அப்புறம், மைனாக் குஞ்சை வைத்துப் பேசப் பழக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.