முதலில் பேச வேண்டிய இடத்தில் 8-8 வந்தால் என்ன செய்வது?

இந்தப் பதிவு 7-7 முதல் 10-10 வரையிலான கை ஜோடிகளுக்கு மட்டும். அதுவும் ஃப்ளாப் (நடுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டு) விழுந்த பிறகு எதிராளிக்கு முன்னால் நாம் பேச, அதாவது முடிவைச் சொல்ல, வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது. ஆட்டம், லிமிட் இல்லாத டெக்சஸ் ஹோல்டெம். எந்தக் கை எதை வெல்லும், பிளைண்டு என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பாளையங்கோட்டை செட்டில் எல்லாரும் ரம்மியில் கை பழகியவர்கள். ரம்மியில் கை சரியில்லை என்றால் தயங்காமல் ஸ்கூட் விட்டு 20 புள்ளியோடு தப்பிப்பவர்கள், போக்கரில் கையிலேயே ஜோடி வந்துவிட்டால் மட்டும் ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) வரை போய் ஃபுல் கவுண்ட் வாங்குகிறார்கள். இந்த ஜோடிகளுக்கு எப்போது ஸ்கூட், எப்போது மிடில் (பாதி ஆட்டத்தில் விலகுவது) என்று தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

தேவையானவை

பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு ஒன்று. அட்டைச் சீட்டு சித்திரை வெயிலில் கை வியர்வை பட்டு ஒரே வாரத்தில் மடங்கிவிடும். எந்தச் சீட்டு ஏஸ் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். தார்சாவில் உட்கார்ந்து ஆடினால் சமுக்காளம் விரியுங்கள். பத்தமடைப் பாய் படுக்க அருமையானது, சீட்டுக்கு ஆகாது, வழுக்கிக்கொண்டு போகும். சிப்புக்குப் புளியங்கொட்டை, ஆளுக்கு 200. பிளைண்டு 1, 2.

காசு வைக்காதீர்கள். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. கொட்டையிலேயே கற்றுக்கொள்ளலாம். வெற்றி வாய்ப்பைச் சரிபார்க்க எக்விலாப் மாதிரி இலவச மென்பொருள் போதும். விலை கொடுத்து வாங்கும் சால்வர் (எப்படி ஆடுவது என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்) ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அது சொல்லும் விடை புரியும், காரணம் புரியாது.

படி 1: கொட்டையை எண்ணுங்கள்

சீட்டைப் பார்த்த உடனே அடுத்துப் பார்க்க வேண்டியது எதிராளியின் குவியல். உங்களுடையதும் அவருடையதும் எது குறைவோ அதுதான் கணக்கு.

கையில் ஜோடி இருந்தால் ஃப்ளாப்பில் செட் (அதே சீட்டு மூன்றாவதும்) விழ ஏறக்குறைய 12 சதவீதம் வாய்ப்பு. அதாவது எட்டரைக்கு ஒரு தடவை. செட் விழுந்தாலும் ஒவ்வொரு முறையும் எதிராளி முழுக் குவியலையும் தந்துவிட மாட்டார். முதலில் பேசுகிறவருக்கு இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் செட்டை நம்பி மட்டும் கால் செய்வதானால் (அவர் வைத்ததற்குச் சமமாகப் போடுவதானால்), போடப்போவதைப் போல 15 மடங்காவது பின்னால் இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு.

ஓர் உதாரணம். நீங்கள் முதல் ஆளாக 6 கொட்டைக்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில்) இருப்பவர் 18 ஆக்குகிறார். இன்னும் 12 போட வேண்டும். இருவரிடமும் 200 இருந்தது என்றால் பின்னால் 194 இருக்கிறது, 16 மடங்கு. சரி, பார்க்கலாம். 100தான் இருந்தது என்றால் எட்டு மடங்குகூட வராது. 7-7, 8-8 என்றால் அங்கேயே ஸ்கூட்.

படி 2: எந்தப் பிளைண்டு?

பெரிய பிளைண்டில் இருந்து சின்ன ரெய்ஸுக்குக் கால் செய்யலாம், யோசிக்கவே வேண்டாம். சின்ன பிளைண்டில் அப்படி இல்லை. பின்னால் ஒருவர் பேசாமல் இருக்கிறார், அவர் ஏற்றிவிட்டால் மாட்டிக்கொள்வோம். பட்டன்காரர் அடிக்கடி ரெய்ஸ் செய்பவர் என்றால் 9-9, 10-10 வைத்து அங்கே நானே மறு ரெய்ஸ் செய்வேன்.

படி 3: ஃப்ளாப்பில் பெரிய சீட்டு விழுந்தால்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு கணக்கு. நம் ஜோடியை விடப் பெரிய சீட்டு ஒன்றாவது ஃப்ளாப்பில் விழ 7-7க்கு 92 சதவீதம், 8-8க்கு 87, 9-9க்கு 79, 10-10க்கு 69. ஆகவே “என்னல, ராஜா விழுந்துட்டா?” என்று முகம் சுளிக்க ஒன்றுமில்லை. விழத்தான் செய்யும். விழாவிட்டால்தான் அதிசயம்.

பெரிய பிளைண்டில் உங்களுக்கு 8-8. பட்டன்காரர் 5க்கு ரெய்ஸ், நீங்கள் கால், சின்ன பிளைண்டு விலகிவிட்டார். நடுவில் 11 கொட்டை. ஃப்ளாப்: ராஜா, 7, 2, மூன்றும் வேறு வேறு ஜாதி.

செக் (பந்தயம் வைக்காமல் அடுத்தவருக்கு விடுவது) சொல்லுங்கள். “எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள” நாமே முந்திப் பந்தயம் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தோற்கும் கைகள் விலகும், ராஜா வைத்திருப்பவர் மட்டும் கூட வருவார். காசு கொடுத்துக் கெட்ட செய்தி வாங்குவதுதான் மிச்சம்.

அவர் 4 வைக்கிறார். நீங்கள் 4 போட்டால் மொத்தம் 19. ஐந்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டி, 21 சதவீதம் ஜெயித்தால் போதும். பட்டனிலிருந்து ரெய்ஸ் செய்பவரிடம் ராஜா இல்லாத கைகளே அதிகம். கால்.

டர்னில் (நான்காவது சீட்டாக) 4 விழுகிறது. மறுபடி செக். இப்போது அவர் 14 வைக்கிறார். இதற்கு ஏறக்குறைய 30 சதவீதம் வேண்டும். ரிவரில் இன்னும் ஒரு பந்தயம் காத்திருக்கிறது. இன்னொரு 8 விழ 4 சதவீதம் சொச்சம்தான் வாய்ப்பு. இங்கே மிடில் விடுங்கள். இரண்டாவது தடவையும் கை கூசாமல் பொய்ப் பந்தயம் வைக்கிறவர் என்று உங்களுக்கே நன்றாகத் தெரிந்த ஆள் என்றால் மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படி ஓர் அண்ணாச்சி இருப்பார்.

ஃப்ளாப் ஏஸ், ராணி, 10 என்று வந்தால் ஒரு காலும் வேண்டாம். எதிராளியின் கைகளில் பாதிக்கு மேல் அதில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

7, 5, 2 மாதிரி சின்னதாக விழுந்தால் நிலைமையே வேறு. செக் சொல்லி, அவர் வைத்ததும் மூன்று மடங்காக ஏற்றுங்கள். ஏஸ்-ராஜா வைத்திருப்பவருக்கு இன்னும் ஆறு சீட்டு உயிரோடு இருக்கிறது. இரண்டு சீட்டுக்குள் நாலில் ஒரு தடவை பிடித்துவிடுவார். சும்மா பார்க்க விடக்கூடாது.

படி 4: செட் விழுந்தால்

செக், அவர் வைத்தால் ரெய்ஸ். அவரும் செக் சொல்லிவிட்டால் டர்னில் காத்திருக்காமல் நீங்களே வையுங்கள். “பதுங்கி அடிக்கிறேன்” என்று இரண்டு சுற்று சும்மா விட்டால், நடுவில் இருப்பது சுண்டல் வாங்கவும் காணாது.

பிற்சேர்க்கை

படித்த இருவர் ஒரே கேள்வி கேட்டார்கள்: ஃப்ளாப்பில் மூன்று நான்கு பேர் இருந்தால்? மேலே சொன்ன “ஒரு கால்” இருவர் ஆட்டத்துக்கு மட்டும். நாலு பேர் நடுவில் ராஜா விழுந்தால் யாரோ ஒருவரிடம் ராஜா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செட் இல்லையா, முதல் பந்தயத்துக்கே ஸ்கூட்.

இன்னொன்று

15 மடங்குக் கணக்கை 10-10க்கும் கறாராகப் பிடித்துக்கொண்டு ஒருவர் கையைத் தூர எறிந்துகொண்டிருக்கிறார். 10-10 செட் ஆகாமலேயே பல ஃப்ளாப்பில் ஜெயிக்கும். அதற்கு 12 மடங்கு இருந்தாலே நான் கால் செய்வேன். குவியல் 30 கொட்டைக்குக் கீழே போய்விட்டால் கணக்கே வேண்டாம். 8-8க்கு மேல் எது வந்தாலும், உங்களுக்கு முன்னால் யாரும் ரெய்ஸ் செய்யவில்லை என்றால், ஃப்ளாப்புக்கு முன்பே மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிடுங்கள். அதற்கப்புறம் முதலில் பேச வேண்டிய தொல்லையும் இல்லை.