அத்தான் மறுபடியும் தைக்கிறார்

சர்க்கரை நோயில் அத்தானுக்கு வலது கால் முழங்காலுக்கு மேல் போய்விட்டது. அம்பாசமுத்திரத்தில் முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவர், இரண்டு வருடமாகத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. "வேலைக்குப் போனால் இதுவும் நின்றுவிடும் மாப்பிள்ளை" என்பார். அந்தப் பயம் நியாயமானது. அதைச் சோம்பல் என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

முதலில் பயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அவரையே அழைத்துப்போய் நேரில் கேட்கவைத்தேன். தெளிவான பிறகு, மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்துக்கு அங்கேயே மனு கொடுத்தோம்.

இயந்திரம் வந்தும் அவரால் தைக்க முடியவில்லை. மோட்டாரின் மிதி வலப்பக்கம் இருந்தது. ஒயரை மேசைக்கு அடியில் சுற்றிவிட்டு, மிதியை இடது காலுக்கு நகர்த்தி, நழுவாமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். முக்காலிக்குப் பதில் கைப்பிடி வைத்த நாற்காலி. முதல் நாள் இடது கால் அழுத்தம் பிடிபடாமல் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நான்காம் நாள் அக்காவின் ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடித்தார்.

இப்போது காலையில் மூன்று மணி நேரம் மட்டும் தைக்கிறார். ஆடி முடிந்ததும் முகூர்த்தத் துணிகள் வரும் என்று ஊசிகள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.