பழைய தேக்கு நாற்காலியின் ஸ்பிரிங் இருக்கை: என் அனுபவம்

தக்கலையில் எங்கள் வீட்டில் இருக்கும் பழைய தேக்கு நாற்காலி, குஷன் கடையில் புதுத்துணி போட்டு வந்ததிலிருந்து உட்கார்ந்தாலே இடப்பக்கம் சரிந்தது. எழும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வேறு.

முதலில் அடியில் உள்ள பட்டைகளை மாற்றினேன். சரிவு போகவில்லை. மேலே ஃபோம் கூட்டிப் பார்த்தேன், அதுவும் வீண். ஸ்பிரிங் தளர்ந்திருக்குமோ என்று எல்லாவற்றையும் கழற்றி மேசையில் நிறுத்தினால், ஒரே உயரம்.

அப்புறம்தான் ஸ்பிரிங்குகளைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றைக் கவனித்தேன். நைலான் கயிறு, ஸ்பிரிங்கின் மேல்வளையத்தில் முடிச்சே இல்லை, சும்மா சுற்றி இழுத்திருந்தார்கள். உட்காரும்போது கயிறு வழுக்க, ஸ்பிரிங்குகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சத்தத்துக்குக் காரணம் வேறு: மேல்வளையத்தில் கம்பி முடியும் வெட்டுமுனை பக்கத்து ஸ்பிரிங்கில் உரசியது. இது சட்டென்று கண்ணில் படாது.

வடசேரி சந்தையில் முறுக்கான சணல் கயிறு வாங்கினேன். வெட்டுமுனைகள் பக்கத்து ஸ்பிரிங்கைத் தொடாதபடி திருப்பி வைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கொஞ்சம் அமுக்கி, நீளம், அகலம், இரண்டு மூலைவாட்டம் என்று நாலு வாக்கில், அதாவது ஸ்பிரிங்கைச் சுற்றி 8 திசையிலும் கட்டினேன். கயிறு வளையத்தைத் தொடும் இடமெல்லாம் தனி முடிச்சு. ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். மேலே சாக்குத்துணி, அதன்மேல் தென்னைநார், பஞ்சு, துணி.

இப்போது இருக்கை நேராக நிற்கிறது, சத்தமும் இல்லை. பெரிய நிம்மதி.