மின்தூக்கிக் கணக்கில் இயக்க விதிகளைப் பயன்படுத்தும் முறை

1687-இல் நியூட்டன் வெளியிட்ட மூன்று இயக்க விதிகளைக் கொண்டு ஒரு கணக்கைத் தீர்க்க முற்படும்போது, சூத்திரத்தைத் தேடுவதற்கு முன்பாக, எந்தப் பொருளின் இயக்கத்தை ஆராய்கிறோம் என்பதை முடிவு செய்து, அதன்மீது பிற பொருள்கள் செலுத்தும் விசைகளை மட்டும் படமாக வரைந்துகொள்ள வேண்டும்.

மின்தூக்கியில் நிற்கும், 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² எனில், புவி அவரை 588 நியூட்டன் விசையுடன் கீழ்நோக்கி ஈர்க்கிறது. தளம் அவரை மேல்நோக்கித் தள்ளுகிறது. இவ்விரண்டையும் வினை, எதிர்வினை என மாணவர்கள் பலர் எழுதிவிடுகின்றனர். அது தவறு, ஏனெனில் ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என மூன்றாம் விதி கூறும் இணை விசைகள் ஒருபோதும் ஒரே பொருளின்மீது செயல்படுவதில்லை. புவியின் ஈர்ப்புக்கு எதிர்வினை, அவர் புவியை ஈர்ப்பதே. தளத்தின் தள்ளலுக்கு எதிர்வினை, அவர் தளத்தை அழுத்துவதே. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

அடுத்து, மேல்திசையை நேர்க்குறியாகக் கொண்டு, நிகர விசை (மேல்நோக்கிய விசையிலிருந்து கீழ்நோக்கிய விசையைக் கழித்தது) என்பது நிறை, முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்னும் இரண்டாம் விதியை எழுதுக. மின்தூக்கி 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலெழுந்தால், நிகர விசை 120 நியூட்டன். ஆகவே தளம் செலுத்தும் விசை 588 + 120 = 708 நியூட்டன். சீரான வேகத்தில் மேலேறும்போதோ, முதல் விதிப்படி நிகர விசை சுழியாகி, தளத்தின் விசை 588 நியூட்டனாகவே இருக்கும்.