கீமோ நாளில் பஸ்ஸிலேயே செய்யக்கூடிய தியானம்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து புற்றுநோய் மருந்தான கீமோ ஏற்றிக்கொள்ளத் தஞ்சாவூர் பஸ் ஏறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. தியானம் என்றதும் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, மூச்சை அடக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், அதெல்லாம் வேண்டாம், ஜன்னலோர சீட்டில் சாய்ந்தபடியே மூச்சு போய்வருவதைச் சும்மா கவனித்தால் சரி.

குமட்டல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ மூச்சைக் கவனிப்பதே சிலருக்குப் பயத்தைக் கிளப்பிவிடும். அப்போது காதுக்கு வேலை கொடுங்கள்: எஞ்சின் இரைச்சல், கண்டக்டர் விசில், வார்டில் என்றால் மின்விசிறி. இல்லையென்றால் மடியில் கிடக்கும் துண்டை விரலால் தடவி அதன் சொரசொரப்பைக் கவனியுங்கள். (குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறியவர்களுக்குக் குளிர்ச்சி பட்டாலே கை சுரீரென்று இழுக்கும்.) ஸ்கேன் ரிசல்ட் என்ன வருமோ என்று மனசு ஓடும், ஓடட்டும், துரத்த வேண்டாம், ‘சரி, பயம் வந்திருக்கு’ என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு மறுபடி துண்டுக்கு வாருங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

புற்றுநோயாளிகளின் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இது போன்ற கவனப் பயிற்சிகளை அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. ஆனால் கட்டியைக் கரைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பி கீமோவை நிறுத்திவிடாதீர்கள். தூக்கமில்லாமலே நாட்கள் ஓடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், துணைக்கு வருபவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்யலாம், அவர்களுக்கும் இது தேவைதான்.