கத்திரி வெயிலில் வீடு மாறுகிறீர்களா? சண்டையை வளர்க்கும் தவறுகள்

டெல்டா பக்கம் வீடு மாறுவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் வந்து விழும். பிள்ளைகளுக்கு லீவு. ஆடி வந்துவிட்டால் குடி போக மாட்டோம், மார்கழியும் ஆகாது. ஆக, மே 4-ஐ ஒட்டி ஆரம்பிக்கும் கத்திரியிலேயே சாமான் ஏற்ற வேண்டியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் ஆளாளுக்கு எரிந்து விழுவதை 'குணம்' என்று நினைக்கிறோம். நான் பார்த்த வரையில் அது பாதிக்கு மேல் நேரத்தாலும் தண்ணீராலும் வருவது.

பெரிய தவறு, பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்துவிட்டு, சாமான் இறக்க நேரம் பார்க்காமல் விடுவது. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு நாங்கள் குடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய குட்டியானை ஒன்பதரைக்குத்தான் கிளம்பியது. வீட்டு வாசலில் நிற்கும்போது ராகு காலம் பிறந்துவிட்டது. "பன்னெண்டு ஆகட்டும், யாரும் உள்ளே போகக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார். ஒன்றரை மணி நேரம் வண்டி வெயிலில் நின்றது. பிறகு பீரோவை இறக்கப் போன பெரியவர், "தொட முடியல தம்பி, கொதிக்குது" என்றார். "காசு வாங்கல? தூக்குங்க" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து, குழாயில் நனைத்து, பீரோவின் விளிம்பில் சுற்றிக்கொண்டு தூக்கினார். சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்த ஈரத்துண்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

விடியற்காலையில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீரோடு போய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். அதோடு குடி புகுந்தாயிற்று, மற்ற சாமானுக்கு ராகு காலக் கவலை இல்லை. காலை பத்துக்குள் இறக்கி முடியுங்கள். முடியாதா, சாயங்காலம் நாலுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை யாரையும் சுமை தூக்க வைக்காதீர்கள்.

அடுத்தது, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பது. நம் பக்கம் கடல் காற்றின் ஈரத்தால் புழுக்கம் அதிகம். வியர்வை வழியுமே தவிரக் காயாது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். உடம்பில் தண்ணீர் குறையும்போது தலைவலியும் எரிச்சலும் வரும். அதனால் யாராவது காரணமில்லாமல் சிடுசிடுத்தால் பதிலுக்குக் கத்தாமல் ஒரு சொம்பு நீர்மோர் கொடுங்கள், உப்புப் போட்டு. மோர் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து. டீயை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒருவர் குழறிப் பேசினால், உடம்பு கொதித்து நிதானம் தப்பினால் அது கோபமும் இல்லை, களைப்பும் இல்லை. உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலில் படுக்க வைத்து, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

கூலியை இறக்கும் இடத்தில் பேசாதீர்கள். எத்தனையாவது மாடி, பீரோ, ஃபிரிட்ஜ், ஆட்டுக்கல் உண்டா என்று முதல் நாளே சொல்லிவிட்டால் வாசலில் வாக்குவாதம் வராது.

சாப்பாட்டுக்குத் தயிர் சாதம் போதும். பால் நிறைய விட்டு, தயிர் கொஞ்சமாகப் பிசைந்தால் மதியத்துக்குள் புளிக்காது. அப்புறம் ஊறுகாய் பாட்டிலை மூட்டைக்குள் கட்டிவிடாதீர்கள்!

கடைசியாக, ஃபேன். வாடகை வீடு என்றால் பல இடங்களில் ஃபேன் நம்முடையதாகத்தான் இருக்கும். அதை முதலில் கழற்றி வண்டியின் அடியில் போட்டுவிடுவோம், புது வீட்டில் அது ராத்திரிதான் கைக்கு வரும். கடைசியாக ஏற்றுங்கள், முதலில் இறக்குங்கள். எலக்ட்ரீஷியனிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள், மேல் தொட்டியையும் முதல் நாளே நிரப்பிவிடுங்கள். இரண்டாவது முறை வீடு மாறியபோது அப்படித்தான் செய்தோம். கூடத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பித்து, எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் கட்டில் எந்த அறைக்கு என்ற பேச்சையே எடுத்தோம்.